பேண்டி உலகச் சாம்பியன்ஷிப்: பெரிய பனித்தளம், சிறிய உலகம்

1999-ஆம் ஆண்டு ரஷ்யாவின் வடக்கே இருக்கும் ஆர்ஹாங்கெல்ஸ்க் நகரில் பேண்டி உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. முறைப்படி 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக ஆட வேண்டிய ஆட்டம் அது. குளிர் தாங்க முடியாமல் போனதால் சில ஆட்டங்களை 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக உடைத்து, நடுவே வழக்கத்தைவிட நீண்ட இடைவேளை விட்டு நடத்தினார்கள். உலகப் பட்டத்துக்கான போட்டியில் ஆட்ட நேரத்தைத் தெர்மாமீட்டர் தீர்மானித்தது. வேறு விளையாட்டாக இருந்தால் ஆட்டத்தையே ஒத்திவைத்திருப்பார்கள். பேண்டிக்காரர்களுக்குக் குளிர் புதிதல்ல. குளிர் இல்லாவிட்டால்தான் அவர்களுக்குப் பிரச்சினை.

பேண்டி என்ற பெயரையே கேள்விப்படாதவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. இந்தப் போட்டியில் யார் ஆடுகிறார்கள், யார் ஜெயிக்கிறார்கள், ஏன் திரும்பத் திரும்ப அவர்களே ஜெயிக்கிறார்கள், ஒலிம்பிக்கில் ஏன் இடமில்லை என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போகலாம். பெரும்பாலானவற்றுக்கு விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது: இந்த விளையாட்டுக்குத் தேவைப்படும் பனித்தளத்தின் அளவு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றவை தானாகப் பிடிபடும்.

ஆட்டம் எப்படி ஆடப்படுகிறது

கால்பந்து மைதானம் முழுவதையும் பனிக்கட்டியாக உறைய வைத்து, இரு பக்கமும் பதினொரு பேருக்குச் சறுக்குக் காலணி மாட்டி, கையில் வளைந்த மட்டையும் நடுவில் ஒரு சிறு பந்தும் கொடுத்தால், அதுதான் பேண்டி. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. விதிப்படி தளத்தின் நீளம் 90 முதல் 110 மீட்டர் வரை. அகலம் 45 முதல் 65 மீட்டர் வரை. ஐஸ் ஹாக்கித் தளம் 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. 100-க்கு 60 மீட்டர் பேண்டித் தளம் ஒன்றுக்குள் அப்படி மூன்று தளங்களை அடக்கிவிட்டு இன்னும் இடம் மிச்சம் வைக்கலாம்.

ஐஸ் ஹாக்கியோடு குழப்பிக்கொள்வது எல்லோரும் செய்வதுதான். ஆனால் இரண்டும் மனப்போக்கிலேயே வேறு. ஐஸ் ஹாக்கியில் தட்டையான ரப்பர் வட்டு. இங்கே உருண்டைப் பந்து. டென்னிஸ் பந்தைவிடச் சற்றே சிறியது, வெண்பனியில் கண்ணுக்குத் தெரிவதற்காக எடுப்பான நிறத்தில் இருக்கும். ஐஸ் ஹாக்கியில் தளத்தைச் சுற்றி ஆளுயரத் தடுப்பு. இங்கே பக்கவாட்டுக் கோடுகளில் மட்டும் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு சிறு தடுப்புப் பலகை. ஐஸ் ஹாக்கியில் எதிராளியைச் சுவரோடு சேர்த்து மோதித் தள்ளுவது ஆட்டத்தின் ஓர் அங்கம். பேண்டியில் மோதித் தள்ளச் சுவரே கிடையாது. அப்படி மோதுவதற்கு அனுமதியும் இல்லை. அங்கே முட்டலும் நெரிசலுமாக இருப்பது இங்கே ஓட்டமும் பாஸும் ஆகிவிடுகிறது. இவ்வளவு பெரிய இடத்தில் பந்தைத் துரத்திக்கொண்டு திரிபவன் சீக்கிரம் களைத்துப்போவான். பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கணித்துப் போய் நிற்பவன்தான் பிழைப்பான். ஆட்டக்காரர்களை எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற விதியும் இதனால்தான்.

கால்பந்து தெரிந்தவர்களுக்கு விதிகளில் பாதி ஏற்கெனவே தெரியும். ஆஃப்சைட் உண்டு, கார்னர் உண்டு, பெனால்டி உண்டு. பந்தை உடம்பாலும் காலணியாலும் நிறுத்தலாம். கை, தலை இரண்டும் கூடாது. மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பந்தை அடிக்கக் கூடாது. தவறு செய்தவரை 5 அல்லது 10 நிமிடங்களுக்கு வெளியே உட்கார வைப்பார்கள். அதுவரை அவருடைய அணி ஓர் ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும். சிவப்பு அட்டை வாங்கினால் அன்றைய ஆட்டம் அவருக்கு அவ்வளவுதான்.

இதில் என்னை மிகவும் வியக்க வைப்பவர் கோல்கீப்பர். அவர் கையில் மட்டை கிடையாது. காப்பதற்கோ 3.5 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் கொண்ட கோல். உடம்பு, கையுறை, கால் கவசம் இவை மட்டுமே அவருடைய ஆயுதங்கள். எதிரே வருவதோ சறுக்கிக்கொண்டே முழு வீச்சில் அடிக்கப்பட்ட கெட்டியான சிறு பந்து. கால்பந்தில் ஆறு ஏழு கோல் விழுந்தால் கோல்கீப்பரைத் திட்டித் தீர்ப்பார்கள். பேண்டியில் 6-5 என்பது உலக இறுதி ஆட்டத்துக்கே உரிய கௌரவமான ஸ்கோர்.

அந்தக் கோல்களில் கணிசமானவை கார்னரிலிருந்து வருகின்றன. கார்னர் எடுக்கும்போது தற்காப்பு அணியினர் தங்கள் கோல் கோட்டுக்குப் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். தாக்கும் அணியினர் பெனால்டி எல்லைக்கு வெளியே நிற்பார்கள். அந்த எல்லை, கோலின் நடுவிலிருந்து 17 மீட்டர் ஆரத்தில் வரைந்த அரைவட்டம். மூலையிலிருந்து பந்து கிளம்பிய கணத்தில் தற்காப்பினர் அத்தனை பேரும் கோட்டிலிருந்து பாய்ந்து வெளியே வருவார்கள். வெளியே காத்திருப்பவர் பந்தை நிறுத்தியோ நிறுத்தாமலோ நேராக அடிப்பார். இரு தரப்பும் ஒன்றையொன்று நோக்கி விரையும் அந்த இரண்டு மூன்று நொடிகளில், பந்தின் பாதையில் தன் உடம்பையே கிடத்தத் துணிபவர்கள் இருக்கிறார்கள். கால்பந்தில் கார்னர் ஒரு வாய்ப்பு. பேண்டியில் அது பாதி கோல் என்று நினைத்து எல்லோரும் இருக்கை நுனிக்கு வந்துவிடுவார்கள்.

பனி கொட்டினாலோ குளிர் எல்லை மீறினாலோ நடுவர் ஆட்டத்தை 30 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம். ஆர்ஹாங்கெல்ஸ்கில் நடந்தது அதற்கும் ஒரு படி மேலே.

சதுப்பு நிலத்திலிருந்து ஸ்டாக்ஹோம் வரை

இன்றைய வடிவத்தில் பேண்டி பிறந்தது கிழக்கு இங்கிலாந்தில். கேம்பிரிட்ஜ் பகுதியின் தாழ்வான சதுப்பு நிலங்களில் குளிர்காலத்தில் வெள்ளநீர் தேங்கி உறையும். பரந்த, ஆழமில்லாத, ஆபத்தில்லாத பனி. ப்யூரி ஃபென் என்ற இடத்து ஆட்டக்காரர்கள் அதில் பெயர் பெற்றவர்கள். அவர்களில் ஒருவரான சார்ல்ஸ் குட்மன் டெபட் 1882-இல் விதிகளை எழுதிவைத்தார். 1891-இல் தேசியச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு ப்யூரி ஃபென் அணி நெதர்லாந்தின் ஹார்லெம் நகருக்குப் போய் அங்குள்ள மன்றத்தோடு ஆடியது. அதையே முதல் சர்வதேச ஆட்டம் என்கிறார்கள். 1913-இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் ஒன்று நடந்தது. வென்றது இங்கிலாந்து.

அதன்பின் இங்கிலாந்து காணாமல் போனது. முதல் உலகப் போர் ஒருபுறம். சிறிய தளத்தில், கூரைக்குக் கீழே ஆட முடிகிற ஐஸ் ஹாக்கி மறுபுறம். இங்கிலாந்தின் குளிர்காலம் நிச்சயமற்றது. சதுப்பு நிலம் எந்த ஆண்டு உறையும், எத்தனை நாள் உறைந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மாதக்கணக்கில் ஏரிகளும் மைதானங்களும் உறைந்து கிடக்கும் ஸ்வீடன், ஃபின்லாந்து, நார்வே, ரஷ்யா ஆகிய நாடுகளில் ஆட்டம் வேரூன்றியது. ஸ்வீடனில் 1907-இலேயே தேசியச் சாம்பியன்ஷிப் தொடங்கிவிட்டது.

ரஷ்யாவில் இதற்கு ‘ரஷ்ய ஹாக்கி’ என்றே பெயர். வட்டு வைத்து ஆடுவது ‘கனடிய ஹாக்கி’. சோவியத் ஒன்றியம் 1946-இல் ஐஸ் ஹாக்கிச் சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியபோது வெசெவோலோத் போப்ரோவ் போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் பேண்டியிலிருந்துதான் அங்கே போனார்கள். பின்னாளில் உலகமே வியந்த சோவியத் ஐஸ் ஹாக்கியின் நீளமான பாஸ்களும் ஓயாத ஓட்டமும் பெரிய பனித்தளத்தில் பழகிய கால்களிலிருந்து வந்தவை என்று ஹாக்கி வட்டாரத்தில் சொல்வதுண்டு. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

சோவியத் நாட்டில் ஆடப்பட்ட விதிகளும் வடக்கு ஐரோப்பிய விதிகளும் சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. விதி ஒன்றாகாமல் உலகப் போட்டி நடத்த முடியாது. 1955 பிப்ரவரியில் ஸ்வீடன், ஃபின்லாந்து, நார்வே, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் ஸ்டாக்ஹோமில் கூடிச் சர்வதேசப் பேண்டிக் கூட்டமைப்பை உருவாக்கின. விதிகளும் ஒன்றாயின. இரண்டே ஆண்டுகளில், 1957-இல், ஹெல்சின்கியில் முதல் உலகச் சாம்பியன்ஷிப்.

அதில் ஆடியவை மூன்றே அணிகள். ஹங்கேரிக்குள் சோவியத் படைகள் புகுந்ததைக் கண்டித்து நார்வே வரவில்லை. சோவியத் ஒன்றியம் முதலிடம், ஃபின்லாந்து இரண்டாமிடம், ஸ்வீடன் மூன்றாமிடம். பேண்டி உலகம் எவ்வளவு சிறியது, அதற்குள் அரசியல் எவ்வளவு எளிதாக நுழையும் என்ற இரண்டு செய்திகளும் முதல் போட்டியிலேயே வெளிப்பட்டுவிட்டன.

நான்கு கொடிகள்

அடுத்த போட்டி 1961-இல் நடந்தது. அதிலிருந்து இரண்டாண்டுக்கு ஒரு முறை. 2003-க்குப் பிறகு ஆண்டுதோறும். 2025 வரை மொத்தம் 42 முறை ஆண்கள் பட்டம் வழங்கப்பட்டிருக்கிறது. அவற்றில் ஸ்வீடனுக்கு 15, சோவியத் ஒன்றியத்துக்கு 14, அதன்பின் வந்த ரஷ்யாவுக்கு 12. கூட்டினால் 41. மிச்சம் இருக்கும் ஒன்று, 2004-இல் ஸ்வீடனின் வெஸ்டரோஸ் நகரில் இறுதி ஆட்டத்தில் ரஷ்யாவைச் சாய்த்து ஃபின்லாந்து வாங்கியது. வேறு எந்த நாடும் இந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. அமைப்பை உருவாக்கிய நால்வரில் ஒன்றான நார்வேகூட 1965-இல் இரண்டாமிடம் வரை வந்ததோடு சரி.

1957 முதல் 1979 வரை நடந்த 11 போட்டிகளையும் சோவியத் அணியே வென்றது. வலேரி மாஸ்லோவ் எட்டு முறையும் நிகோலாய் துராகோவ் ஏழு முறையும் உலகச் சாம்பியன் ஆனவர்கள். அந்தத் தொடரை ஸ்வீடன் முறித்தது 1981-இல். அதுவும் சோவியத் மண்ணிலேயே, ஹபரோவ்ஸ்கில். ஸ்வீடன் ரசிகர்களுக்கு அது எப்படி இனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு நாடுகள் மாறி மாறி வெல்லும் போட்டி அலுப்பூட்டாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த இரண்டும் மோதும் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. 2012-இல் கஸகஸ்தானின் அல்மாத்தியில் ஸ்வீடன் 5-4. 2017-இல் சாண்ட்விக்கெனில் ஸ்வீடன் 4-3. 2018-இல் ஹபரோவ்ஸ்கில் ரஷ்யா 5-4. 2019-இல் வேனெர்ஸ்பொரியில் ரஷ்யா 6-5. இந்த நான்கு இறுதி ஆட்டங்களிலும் வித்தியாசம் ஒரே ஒரு கோல். மேலும், ஸ்வீடனின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் ரஷ்ய மன்றங்களில் ஆடியவர்கள். மற்ற நாள்களில் தோளோடு தோள் நின்ற சக ஆட்டக்காரரை இறுதி ஆட்டத்தில் எதிர்கொள்வார்கள். ஒருவர் பலவீனம் மற்றவருக்கு மனப்பாடம்.

இந்த இரு நாடுகள் மட்டும் ஏன்? மறுபடியும் தளம்தான். ஆறாயிரம் சதுர மீட்டருக்கும் மேலான பரப்பைக் குளிர்காலம் முழுக்க ஒரே சீராக உறைந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். ஒன்று இயற்கை அதைச் செய்துகொடுக்க வேண்டும். இல்லையேல் தரைக்கடியில் குளிரூட்டும் குழாய்கள் பதிக்க வேண்டும். அதற்கான செலவும் மின்சாரமும் கொஞ்சநஞ்சமல்ல. ஆண்டில் சில மாதங்கள் பேண்டி ஆடுவதற்காக ஓர் ஊர் அவ்வளவு செலவழிக்க வேண்டுமென்றால் அந்த ஊருக்கு ஆட்டத்தின் மேல் தீராத பிடிப்பு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊர்கள் ஸ்வீடனிலும் ரஷ்யாவிலும்தான் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. 2013-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஸ்வீடன் தேசிய இறுதி ஆட்டத்தைப் பார்க்க 38,474 பேர் வந்தார்கள். குளிர்காலங்கள் முன்போல் நம்பகமாக இல்லாத நிலையில் கூரையிட்ட அரங்குகளும் எழுகின்றன. ஸ்வீடனின் முதல் உள்ளரங்கம் 2003-இல் எட்ஸ்பின் என்ற சிற்றூரில் வந்தது என்பதே அந்தப் பிடிப்புக்குச் சான்று. பெரிய நகரங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது சிற்றூர் கட்டி முடித்துவிட்டது.

பிரிவுகளும் குழுக்களும்

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். கால்பந்து உலகக் கோப்பையில் குழுக்கள் பிரிக்கும்போது வலுவான அணிகளைத் தனித்தனிக் குழுக்களில் போடுவார்கள். பேண்டியில் நேர் எதிர்.

அணிகள் முதலில் ஏ பிரிவு, பி பிரிவு என்று பிரிகின்றன. உலகப் பட்டம் ஏ பிரிவுக்கு மட்டும். பி பிரிவு ஏறத்தாழ தனிப் போட்டிபோல, சில சமயம் வேறு ஊரில், ஏன், வேறு நாட்டில்கூட நடக்கும். 2018-இல் ஏ பிரிவு ரஷ்யாவின் ஹபரோவ்ஸ்கிலும் பி பிரிவு சீனாவின் ஹார்பினிலும் நடந்தன. பி பிரிவில் ஆட்டத்தைப் பாதிக்கு 30 நிமிடங்களாகச் சுருக்கிக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. அங்கே முதலிடம் பெறும் அணிக்கு ஏ பிரிவுக்கு ஏறும் வாய்ப்பு. ஏ பிரிவின் கடைசி அணிக்குக் கீழே இறங்கும் அபாயம். மற்ற விளையாட்டுகளில் இருப்பதுபோல் கண்டவாரியான தகுதிச் சுற்று கிடையாது. அணியைத் திரட்டிக்கொண்டு வர முடிந்தால் பி பிரிவில் ஆடலாம்.

ஏ பிரிவுக்குள்ளும் 2010-களில் பல ஆண்டுகள் கடைப்பிடித்த முறை வினோதமானது. வலுவான நான்கு அணிகள் ஒரு குழு. அடுத்த நான்கும் இன்னொரு குழு. குழுச் சுற்று முடிந்ததும் யாரும் வெளியேறுவதில்லை. எட்டு அணிகளும் காலிறுதிக்குப் போகும். வலுவான குழுவில் முதலில் வந்த அணி, மற்றக் குழுவில் கடைசியில் வந்த அணியோடு மோதும்.

அப்படியானால் குழுச் சுற்று எதற்கு என்று தோன்றும். ஸ்வீடனையும் ரஷ்யாவையும் சிறிய அணிகளோடு ஒரே குழுவில் கலந்துபோட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இருபது கோல் வித்தியாசத்தில் முடியும் ஆட்டங்களே வரிசையாக வரும். வென்றவருக்கும் பயனில்லை, தோற்றவருக்கும் பாடமில்லை. சமமானவர்களைச் சமமானவர்களோடு ஆடவிட்டால் குழுச் சுற்றிலேயே ஸ்வீடன்–ரஷ்யா ஆட்டம் கிடைக்கும், சிறிய அணிகளுக்கும் வெல்லக்கூடிய ஆட்டங்கள் கிடைக்கும். அதற்கு விலையாகக் காலிறுதிகளில் ஒருதலைப்பட்சமான ஆட்டங்களைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் காலிறுதியை விட்டுவிட்டு அரையிறுதியிலிருந்து பார்க்கலாம்.

போட்டி வடிவம் என்பது காகிதச் சமாசாரம் அல்ல என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. இது நாடுகளுக்கிடையே நடந்ததல்ல, ரஷ்ய மன்றங்களுக்கான லீக்கில் நடந்தது. 2017 பிப்ரவரியில் வோத்னிக், பைகால்-எனர்கியா என்ற இரு அணிகள் மோதின. அடுத்த சுற்றில் வலுவான எதிரணியைத் தவிர்க்க வேண்டுமானால் இந்த ஆட்டத்தில் தோற்பதே நல்லது என்று இரண்டுமே கணக்குப் போட்டன. விளைவு: ஆட்டம் 11-9 என்று முடிந்தது, விழுந்த 20 கோல்களும் சொந்தக் கோலுக்குள் தாங்களே அடித்துக்கொண்டவை. பயிற்சியாளர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. தோற்பதற்குப் பரிசு வைக்கும் அட்டவணையைப் போட்டவர்களையும் கொஞ்சம் கண்டித்திருக்கலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பேண்டியில் ‘உலகக் கோப்பை’ என்பது நாடுகளுக்கான போட்டி அல்ல. அது மன்றங்களுக்கானது; 1974-இல் ஸ்வீடனில் தொடங்கியது. நாடுகள் மோதுவது உலகச் சாம்பியன்ஷிப்பில்தான்.

பி பிரிவின் மனிதர்கள்

கோப்பை நான்கு நாடுகளைத் தாண்டாவிட்டாலும் போட்டிக்கு வரும் நாடுகள் பெருகியிருக்கின்றன. அமெரிக்கா 1985-இலும் கனடா 1987-இலும் முதன்முதலாக ஆடின. அமெரிக்க அணி என்று பெயர். பெரும்பாலும் மினசோட்டா மாநிலத்து ஆட்டக்காரர்கள். காரணம், அங்குள்ள ரோஸ்வில் நகரில்தான் வட அமெரிக்காவின் முழு அளவுப் பேண்டித் தளம் இருக்கிறது. கண்டம் முழுவதற்கும் ஒரு தளம்! கஸகஸ்தான் 1995-இல் நுழைந்து, பின்னர் பலமுறை வெண்கலம் வென்றது. மங்கோலியா, ஜப்பான், சீனா, ஹங்கேரி, நெதர்லாந்து, எஸ்டோனியா, லாத்வியா என்று பட்டியல் நீள்கிறது. 1913-இல் ஐரோப்பாவை வென்ற ஆங்கிலேயரின் வழித்தோன்றல்கள் 2019-இல் பிரிட்டன் அணியாக பி பிரிவில் வந்து ஆடினார்கள்.

முழு அளவுத் தளமே இல்லாத நாடுகள் எப்படிப் பயிற்சி எடுக்கின்றன? பல இடங்களில் ஐஸ் ஹாக்கித் தளத்திலேயே, ஆறு பேர் கொண்ட அணிகளாக, சுருக்கப்பட்ட பேண்டி ஆடுகிறார்கள். மட்டையும் பந்தும் பழகிவிடும். ஆனால் நூறு மீட்டர் நீளத்தில் இடைவெளி கண்டுபிடிக்கும் கலை அங்கே வராது. முதன்முறை பெரிய தளத்தில் இறங்கும்போது அந்தக் குறை அம்பலமாகும்.

எல்லோரையும்விட அதிகம் பேசப்பட்டவர்கள் சோமாலியர்கள். உள்நாட்டுப் போரால் சோமாலியாவிலிருந்து வெளியேறி, ஸ்வீடனின் போர்லெங்கெ நகரில் குடியேறிய இளைஞர்கள் அவர்கள். பலர் அதுவரை பனியில் சறுக்கியதே இல்லை. முன்னாள் ஸ்வீடன் ஆட்டக்காரர் பேர் ஃபோஸ்ஹௌக் பயிற்சியளித்தார். சில மாதப் பயிற்சியோடு 2014-இல் சைபீரியாவின் இர்குத்ஸ்க் பகுதிக்குப் போய், சோமாலியா என்ற பெயரில் உலகச் சாம்பியன்ஷிப்பின் பி பிரிவில் ஆடினார்கள். எல்லா ஆட்டங்களிலும் தோற்றார்கள், பெரிய பெரிய வித்தியாசங்களில். ஆனால் அந்த ஆண்டு அரங்கத்தில் அதிகம் கைதட்டல் பெற்றவர்களில் அவர்களும் உண்டு. அடுத்த ஆண்டுகளிலும் வந்தார்கள். ஊடகங்கள் இதை உருக்கமான கதையாக மட்டும் எழுதின. எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறு: தகுதிச் சுற்று வைத்திருந்தால் இந்த அணி உள்ளே வந்தே இருக்க முடியாது. கதவு திறந்திருந்ததால்தான் வந்தார்கள்.

பெண்களுக்கான உலகச் சாம்பியன்ஷிப் 2004-இல் ஃபின்லாந்தின் லாப்பென்ராந்தாவில் தொடங்கியது. அதில் ஸ்வீடனின் ஆதிக்கம் ஆண்களைவிடக் கடுமை. 2022 வரை நடந்தவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் இழந்திருக்கிறார்கள்: 2014-இல், அதே லாப்பென்ராந்தாவில், ரஷ்யாவிடம்.

ஒலிம்பிக்கின் வாசலில்

1952-இல் ஆஸ்லோ குளிர்கால ஒலிம்பிக்கில் பேண்டி காட்சி விளையாட்டாக ஆடப்பட்டது. வந்தவை நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து மட்டும். மூன்றுமே தலா ஓர் ஆட்டத்தில் வென்று ஓர் ஆட்டத்தில் தோற்றன. ஸ்வீடனுக்கு முதலிடம் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் பேண்டி இல்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு கூட்டமைப்பை அங்கீகரித்திருக்கிறது. ஆனால் அங்கீகாரம் வேறு, பதக்கப் பட்டியலில் இடம் வேறு. ஒலிம்பிக் நடத்தும் நகரம், வேறு எதற்கும் பயன்படாத பிரம்மாண்டமான பனித்தளம் ஒன்றைக் கட்ட வேண்டும்; அதில் பதக்கத்துக்கு உண்மையாகப் போட்டியிடப் போகிறவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகள். பேண்டி ரசிகர்கள் இதை அநீதி என்கிறார்கள். கணக்குப் பார்க்கிறவர்கள் மறுக்கிறார்கள். 2011-இல் ஆசியக் குளிர்கால விளையாட்டிலும் 2019-இல் கிராஸ்னோயார்ஸ்க் நகரில் நடந்த பல்கலைக்கழக மாணவர் விளையாட்டிலும் பேண்டி இடம்பெற்றது. இரண்டுமே முழுத் தளம் ஏற்கெனவே இருக்கும் பகுதிகள் என்பதைக் கவனியுங்கள்.

இப்போதைய நிலைமைக்கு வருவோம். 2020-இல் இர்குத்ஸ்கில் நடக்கவிருந்த ஏ பிரிவுப் போட்டி கொரோனாவால் தள்ளிப்போய், கடைசியில் நடக்கவே இல்லை. 2022-இல் ரஷ்யாவின் சிக்டிவ்கர் நகரில் நடத்தத் திட்டமிட்டார்கள். ரஷ்யா உக்ரைனுக்குள் படை அனுப்பியது, ஸ்வீடன், ஃபின்லாந்து, நார்வே, அமெரிக்கா ஆகியவை விலகிக்கொண்டன, போட்டி கைவிடப்பட்டது. அதன்பின் ரஷ்யா இல்லாமலேயே நடக்கிறது. 2023-இல் வெக்ஷோ, 2024-இல் கார்ல்ஸ்டாட், 2025-இல் லிட்ஷெப்பிங். மூன்றும் ஸ்வீடன் நகரங்கள், மூன்றிலும் பட்டம் ஸ்வீடனுக்கே.

வேறொரு விளையாட்டில் ஒரு பெரிய நாடு வெளியேறினால் அந்த இடத்தை நிரப்ப அடுத்த வரிசையில் பத்து நாடுகள் நிற்கும். பேண்டியில் ரஷ்யாவின் விலகல் என்பது உலகின் பேண்டித் தளங்களில் பெரும்பகுதியும் ஆட்டக்காரர்களில் பெரும்பகுதியும் வரைபடத்திலிருந்து மறைவது. 2004-ஐத் தவிர கோப்பையைத் தொடாத ஃபின்லாந்துக்கு இது வாய்ப்பு என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்வீடனைத் துரத்திப் பிடிக்க இனி ஃபின்லாந்து மட்டும்தான் மிச்சம். அதற்குத் துணையாக நார்வேயும் வளர்ந்தால்தான் அரையிறுதி ஆட்டங்களுக்கும் உயிர் வரும்.

முதல்முறை ஓர் ஆட்டத்தைப் பார்க்க உட்காருகிறவர்கள் பந்தைக் கண்ணால் துரத்த வேண்டாம். தொலைக்காட்சியில் அது அடிக்கடி கண்ணிலிருந்து தப்பும். பந்து இல்லாத பக்கத்தில் விரைந்து சறுக்கும் ஓர ஆட்டக்காரரைப் பாருங்கள். எதிரணியின் தற்காப்பு வரிசை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே அவர் வேகத்தைக் கூட்டுவார்; மைதானத்தின் அடுத்த கோடியிலிருந்து உயரமாக வரும் பாஸ் அவர் காலடியில் விழும். கார்னர் விழுந்தால் மட்டும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோல் கோட்டில் நிற்பவர்களைப் பாருங்கள்.